எஞ்சாமி பாட்டு பொங்கல் மேடைக்கு ஆகாதா?

திருப்பதி, சித்தூர் வட்டாரத்தில் நம்மவர்கள் நடத்தும் விழாக்களில் மெல்லிசைக் கச்சேரி என்றால் அதற்கென்று ஒரு பட்டியல் உண்டு. முதலில் ஒரு பக்திப் பாட்டு. அடுத்து டி.எம்.சவுந்தரராஜன், பி.சுசீலா. ஒன்பது மணிக்கு மேல் இளையராஜா. கூட்டம் கலைகிற நேரத்தில், பின்னால் நின்று விசில் அடிக்கிற பையன்களுக்காக ஒரு குத்துப் பாட்டு. இந்தப் பட்டியலில் ஏறாத எல்லாமே நம் பெரியவர்களுக்குப் 'புதுப் பாட்டு'தான். 2021-ஆம் ஆண்டு மார்ச் 7-ந் தேதி வெளிவந்த 'எஞ்சாய் எஞ்சாமி'யும் அந்தக் கணக்கில் இன்னும் புதுப் பாட்டாகவே இருக்கிறது.

எனக்கு அந்தப் பாட்டு உயிர். பார்சல் ஆபீசில் ராத்திரி டியூட்டி பார்க்கும்போது எத்தனை தடவை கேட்டிருப்பேன் என்று கணக்கே இல்லை. பாட்டு நன்றாக இருக்கிறது என்று சொல்வதற்கு மட்டும் ஒரு கட்டுரை தேவையில்லை. யூ டியூபில் 40 கோடித் தடவைக்கு மேல் பார்க்கப்பட்ட பாட்டுக்கு என் சர்ட்டிபிகேட் எதற்கு?

விஷயம் வேறு. வருகிற பொங்கல் விழாவில் இந்தப் பாட்டைப் பாட அனுமதி வேண்டும் என்று நம் பையன்கள் சிலர் கேட்டார்கள். மாங்கூழ் தொழிற்சாலையில் வேலை செய்கிறவர்கள் இரண்டு பேர், ஓட்டல் சப்ளையர் ஒருவன், நகரியில் விசைத்தறி ஓட்டுகிறவன் ஒருவன். விழாக் குழுவில் முடியாது என்று சொல்லிவிட்டார்கள். எந்தச் சங்கம், யார் யார் என்று நான் எழுதப் போவதில்லை. எல்லாரும் எனக்கு வேண்டியவர்கள். ரேஷன் கார்டு முதல் பிள்ளைகளின் பள்ளிக்கூட அட்மிஷன் வரை நமக்காக அலைகிறவர்கள். ஆனாலும் அவர்கள் சொன்ன காரணங்களை என்னால் ஏற்க முடியவில்லை. இது பாட்டே அல்ல, சத்தம் என்றார் ஒருவர். இதில் சாதிப் பேச்சு இருக்கிறது, வீண் வம்பு வரும் என்றார் இன்னொருவர். அன்னமாச்சாரியார் பாடிய ஊரில் இதைப் போட்டால் தெலுங்குக்காரர்கள் நம்மைப் பற்றி என்ன நினைப்பார்கள் என்று மூன்றாமவர் கவலைப்பட்டார்.

சத்தம் என்கிற குற்றச்சாட்டுக்கு நீண்ட பதில் தேவையில்லை. 1976-இல் 'அன்னக்கிளி' வந்தபோது, வயற்காட்டுப் பாட்டையெல்லாம் சினிமாவில் பாடலாமா என்று முகம் சுளித்தவர்கள் உண்டு என்று என் அப்பா சொல்வார். இன்று அதே இளையராஜா இல்லாமல் நம் கச்சேரி நடக்குமா? ராப் என்பது ஏதோ அமெரிக்காவிலிருந்து இறங்கிய சரக்கு என்கிறார்கள். பெயர் வேண்டுமானால் அங்கிருந்து வந்திருக்கலாம். நம் வட ஆர்க்காட்டுத் தெருக்கூத்தில் கட்டியங்காரன் மூச்சு விடாமல் அடுக்கிக்கொண்டே போவானே, அதைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இது அன்னியமாகப் படுவானேன்? முதல் தடவை கேட்டால் பாதி வார்த்தை பிடிபடாது என்பது உண்மை. மூன்றாம் தடவை கேளுங்கள்.

அரக்கோணத்துப் பிள்ளை

இதைப் பாடியவர்கள் இருவர். ஒருவர் தீ. சிட்னியில் வளர்ந்த பெண். 'ரவுடி பேபி' பாட்டில் தனுசுடன் பாடியவர் என்றால் எல்லாருக்கும் தெரியும். மற்றவர் அறிவு. முழுப் பெயர் அறிவரசு கலைநேசன். இசை சந்தோஷ் நாராயணன்.

அறிவு அரக்கோணத்துக்காரர். இங்குள்ள நம்மவர்களுக்கு அரக்கோணம் வெளியூர் இல்லை. சப்தகிரி எக்ஸ்பிரசில் ஏறினால் புத்தூர், ஏகாம்பரகுப்பம், திருத்தணி, அடுத்து அரக்கோணம். 1911 வரை சித்தூரைத் தலைநகராகக் கொண்ட வட ஆர்க்காடு ஜில்லாவில் அடங்கிய ஊர்தான் அது. கோடு பின்னால் போடப்பட்டது. 1960-இல் திருத்தணி அந்தப் பக்கம் போயிற்று. திருப்பதியும் சித்தூரும் இந்தப் பக்கம் நின்றன. 2022-இல் சித்தூர் மாவட்டத்தையே பிரித்துத் திருப்பதியைத் தனி மாவட்டம் ஆக்கினார்கள். கோடுகள் எத்தனை மாறினாலும் அரக்கோணம் ஜங்ஷன் என்று எழுதிய பார்சல் தினமும் என் மேசைக்கு வந்து போகிறது.

தனி ஆளாகப் பெயர் எடுப்பதற்கு முன் அறிவு ஒரு வாத்தியக் கோஷ்டியில் பாடினார். 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' என்று பெயர். சாதியில்லாதவர்களின் கூட்டு என்று அர்த்தம். டைரக்டர் பா.ரஞ்சித்தும் இசையமைப்பாளர் டென்மாவும் சேர்த்துக் கட்டிய குழு. சாதி பேதமற்ற தமிழர் என்ற அயோத்திதாச பண்டிதரின் எண்ணத்திலிருந்து அந்தப் பெயர் வந்தது. 2018 ஜனவரி 6-ந் தேதி சென்னை கீழ்ப்பாக்கத்தில் முதல் கச்சேரி. பத்தொன்பது பேர் மேடையில். கிடாரும் டிரம்சும் ஒரு பக்கம், பறையும் சட்டியும் மறுபக்கம். கானா பாடுகிற வடசென்னைப் பையன்களோடு இசைவாணி என்ற பெண்ணும் நின்று பாடினார். சாவு வீட்டில் பாடுகிற பாட்டு என்று ஒதுக்கப்பட்ட கானாவை ஒரு பெண் மேடையேறிப் பாடுவது சாமானியமா? 2020-இல் பி.பி.சி. வெளியிட்ட உலகின் நூறு பெண்கள் பட்டியலில் அவர் பெயர் இடம்பெற்றது. அந்தக் குழுவின் புதுப் பாட்டு ஒன்று வந்தால் முதல் ஆளாகக் கேட்கிறவன் நான். 'எஞ்சாமி' அந்தக் குழுவின் பாட்டு அல்ல என்றாலும் அதே உலையில் வெந்த சோறு.

தோட்டம் போட்டவர்கள்

இனி 'சாதிப் பேச்சு' என்ற விவகாரம். பாட்டை ஊன்றிக் கேட்டவர்கள் இப்படிச் சொல்லமாட்டார்கள். எந்தச் சாதியின் பெயரும் சொல்லி அதில் திட்டு இல்லை. முன்னோரைக் கூப்பிடுகிற பாட்டு அது. மண்ணும் நீரும் மனுசனுக்கு மட்டும் சொந்தமல்ல என்று ஓரிடத்தில் வருகிறது. நடுவே ஒப்பாரியின் சாயல் தலைகாட்டுகிறது. மரம் வைத்து வளர்த்தவர்கள் தாகத்தோடு போனார்கள் என்பதுதான் பாட்டின் வயிற்றில் இருக்கிற சேதி.

அந்தத் தாகம் யாருடையது? அறிவின் பாட்டி வள்ளியம்மாளுடையது. படக்காட்சியில் அந்த அம்மாள் உட்கார்ந்திருப்பதைப் பார்க்கலாம். இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் கூலி வேலை பார்த்தவர். அங்கிருந்து இந்தியாவுக்குத் திரும்பி, அரக்கோணத்தில் குடும்பத்தை நிறுத்தியவர்.

இந்தக் கதை இளைஞர்கள் பலருக்குத் தெரியாது. சற்று விரிவாகவே எழுதுகிறேன். நிலமில்லாத நம் ஜனங்கள் 1820-களிலிருந்து கூட்டம் கூட்டமாக இலங்கை மலைக்காட்டுக்குப் போனார்கள். முதலில் காப்பித் தோட்டம். அது நோய் விழுந்து அழிந்த பிறகு தேயிலை. காடு வெட்டியதும், பாதை போட்டதும், கொழுந்து கிள்ளியதும் இவர்களே. இலங்கை சுதந்திரம் அடைந்த அதே வருஷத்தில், 1948-இல் வந்த குடியுரிமைச் சட்டம் இவர்களில் லட்சக்கணக்கானவர்களை எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாதவர்களாக ஆக்கிவிட்டது. 1964 அக்டோபர் 30-ந் தேதி ஸ்ரீமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. மிச்சம் 1,50,000 பேரை 1974-இல் ஆளுக்கு 75,000 என்று பங்கு போட்டுக்கொண்டார்கள். பார்சல் கிளார்க்காகிய நான் தினமும் உருப்படி எண்ணுகிறேன். மனிதர்களை இப்படி எண்ணியதைப் படிக்கும்போது எனக்குப் பேனா ஓடவில்லை.

மலையகத்தார் ரெயிலைக் 'கோச்சி' என்பார்கள். கோச்சியில் தலைமன்னார் வரை வந்து, ராமானுஜம் கப்பலில் ராமேசுவரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் தங்கி, அங்கிருந்து சிதறினார்கள். சிலருக்கு நீலகிரியில் அரசாங்கத் தேயிலைத் தோட்டத்தில் வேலை கிடைத்தது. பலர் மூதாதையர் ஊரைத் தேடிப் போய், அங்கே யாரும் அடையாளம் தெரியாமல் நின்றார்கள். பிறந்த ஊரில் இந்தியாக்காரர், வந்த ஊரில் சிலோன்காரர்.

இங்கே நாம் அனுபவிப்பது அந்தக் கஷ்டத்தில் நூறில் ஒரு பங்குகூட இல்லை. ஆனால் சித்தூரில் 'அரவவாள்ளு' என்றும், லீவில் ஊருக்குப் போனால் 'திருப்பதிக்காரன்' என்றும் கேட்டுப் பழகிய நமக்கு வள்ளியம்மாள் கதையை யாரும் பொழிப்புரை சொல்லி விளக்க வேண்டியதில்லை. அதை 'வம்பு' என்று ஒதுக்குவது நம் வீட்டுப் பாட்டியைத் திண்ணையில் உட்காராதே என்று சொல்வது போல் இருக்கிறது.

படக்காட்சி பற்றி எனக்கும் ஒரு குறை உண்டு. காட்டுக்குள் ஏதோ மாயலோகம் போலப் பட்டும் பூவும் வண்ணமுமாக எடுத்திருக்கிறார்கள். ராணி மாதிரி ஜோடித்த நாற்காலிகள் வேறு. கூலிக்காரன் பாட்டனுக்கு ராஜ அலங்காரம் செய்து பார்க்கிற ஆசை என்று சொல்கிறார்கள். இருக்கட்டும். நான் கண்ணை மூடிக்கொண்டு கேட்கிற கட்சி.

தெலுங்கர் என்ன நினைப்பார்கள்?

மூன்றாவது காரணம்தான் எனக்குச் சிரிப்பை வரவழைத்தது. எங்கள் ஆபீசில் தெலுங்கு நண்பர் ஒருவரின் செல்போன் மணியே இந்தப் பாட்டுதான். அர்த்தம் தெரியாமலேயே இரண்டு வருஷம் வைத்திருந்தார். 'எஞ்சாமி' என்றால் 'என் சாமி' என்று நான் சொன்னபோது, "நா சாமி! நா தேவுடா!" என்று கையைக் கொட்டினார். அவருடைய பெண் பள்ளிக்கூட ஆண்டு விழாவில் இதற்கு ஆடினாளாம். தமிழ்ப் பாட்டுக்குத் தெலுங்குப் பள்ளியில் மேடை இருக்கிறது. தமிழர் விழாவில் இல்லை!

தெலுங்குக்காரர்கள் மண்வாசனைப் பாட்டை எப்படி மதிக்கிறார்கள் என்பதை நாம் பக்கத்திலிருந்தே பார்க்கிறோம். தோளில் கம்பளி, கையில் கோலுடன் டப்பு முழங்கப் பாடிய கத்தர் 2023 ஆகஸ்டு 6-ந் தேதி இறந்தபோது, கொள்கையில் அவரோடு ஒத்துப்போகாதவர்களும் கண் கலங்கினார்கள். கிராமிய மெட்டில் பாடுகிற கோரட்டி வெங்கண்ணாவுக்கு 2021-ஆம் ஆண்டின் சாகித்திய அகாடமி விருது கிடைத்தது. 'நாட்டு நாட்டு' பாட்டு 2023-இல் ஆஸ்கார் வாங்கியபோது ஆபீஸ் முழுக்க லட்டு. அந்தப் பாட்டின் பெயரே நாட்டுத்தனம்தானே? நம் திருப்பதியிலேயே கங்கம்மா ஜாத்திரை வந்தால் ஒரு வாரம் ஊர் பூராவும் வேஷமும் டப்பு சத்தமும்தான். வெங்கடேசப் பெருமாளின் தங்கை என்று சொல்லித் தேவஸ்தானத்திலிருந்து அந்த அம்மனுக்குச் சீர் போகிறது.

அன்னமாச்சாரியாரையும் விடக்கூடாது. பதினைந்தாம் நூற்றாண்டில் வாழ்ந்த அந்த மகான் ராகம், தாளம் என்று மட்டும் நிற்கவில்லை. நெல் குத்துகிற பெண்கள் பாடுகிற 'சுவ்வி' மெட்டிலும், தாலாட்டு மெட்டிலும் பெருமாளைப் பாடினார். உலக்கைப் பாட்டு ஏழுமலை ஏறிச் செப்பேட்டில் இடம்பிடித்த ஊர் இது. இந்த ஊரைக் காட்டி உழைக்கிறவன் பாட்டை நிறுத்தலாமா?

சபாக்கள் நிறைந்த சென்னையிலேயே 2020 டிசம்பரில் 'மார்கழியில் மக்களிசை' என்று பறையையும் கானாவையும் மேடையேற்றத் தொடங்கினார்கள். மதுரைப் பக்கத்துப் பறைக் கலைஞர் வேலு ஆசானுக்கு 2025-இல் மத்திய அரசு பத்மஸ்ரீ கொடுத்தது. நம் வீடுகளில் ஒரு சாவு விழுந்தால் வேலூர், குடியாத்தம் பக்கம் போன் போட்டுப் பறைக் கோஷ்டியை வரவழைக்கிறோம். பேரம் பேசாமல் பணமும் கொடுக்கிறோம். அதே ஆட்களைப் பொங்கல் மேடைக்குக் கூப்பிடலாமே என்று நான் கேட்டபோது, கமிட்டி அறையில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. மின்விசிறி சத்தம் மட்டும் கேட்டது. சாதிப் பேச்சு பாட்டில் இல்லை, அந்த மவுனத்தில்தான் இருந்தது என்பது என் அபிப்பிராயம். இதற்காக என்னோடு யாராவது பேசாமல் போனாலும் சரி.

பெயர் விட்டுப் போகக் கூடாது

பையன்களிடமும் எனக்கு ஒரு கோரிக்கை இருக்கிறது. பாட்டைப் பாடினால் மட்டும் போதாது, யார் பாட்டு என்று சொல்லிப் பாட வேண்டும்.

இதற்குக் காரணம் உண்டு. 2021 ஆகஸ்டில் ஓர் ஆங்கில இசைப் பத்திரிகை இந்தப் பாட்டையும் இன்னொரு பாட்டையும் புகழ்ந்து அட்டைப்படம் போட்டது. தீயின் படம் இருந்தது. அறிவின் படம் இல்லை. பா.ரஞ்சித் அதைப் பகிரங்கமாகக் கேட்டார். பெரிய சர்ச்சையானது. பிறகு அறிவின் படத்தோடு தனியாக ஓர் அட்டை வந்தது. 2022 ஜூலை 28-ந் தேதி சென்னையில் செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழா. உலகமே பார்த்த மேடை. தீயும், கிடக்குழி மாரியம்மாளும் பாடினார்கள். அறிவு இல்லை. அவர் அமெரிக்காவில் இருந்ததால் வர இயலவில்லை என்று சந்தோஷ் நாராயணன் விளக்கினார். மெட்டும் வார்த்தையும் என்னுடையது, ஒருவரும் எனக்கு எடுத்துக் கொடுக்கவில்லை என்று அறிவு எழுதினார். கூட்டாகச் செய்த வேலை, வருமானம் மூவருக்கும் சமம் என்று சந்தோஷ் நாராயணன் சொன்னார்.

யார் சொல்வது சரி என்று தீர்ப்புச் சொல்ல நான் மாஜிஸ்திரேட்டு அல்ல. இந்தச் சண்டைக்கு மேல் ஒரு சண்டை. 2024 மார்ச்சில், இந்தப் பாட்டிலிருந்து எங்கள் மூவருக்கும் ஒரு ரூபாயும் வந்து சேரவில்லை என்று சந்தோஷ் நாராயணனே காணொளியில் சொன்னார். வெளியிட்ட நிறுவனம் தன் தரப்பை வேறு விதமாகச் சொல்லிற்று. கோடிக்கணக்கான பேர் கேட்டு ஆடிய பாட்டு, அதைச் செய்தவர்கள் கையில் காசு இல்லை என்கிறார்கள். தோட்டம் போட்டவனுக்குத் தண்ணீர் இல்லை என்று பாடியவருக்கே அந்த நிலைமை வந்தது என்றால் அதை என்னவென்று சொல்வது?

ரெயில்வேயில் இருப்பவனுக்கு இது புதிதல்ல. புதுப் பாதை திறந்தால், கொடி அசைத்தவர் பெயர் கல்வெட்டில் ஏறும். வெயிலில் ஜல்லி கொட்டிய கேங்மேன் பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருக்கும். சித்தூர் மாங்கூழ் டப்பாவில் கம்பெனி பெயர் பளபளக்கும். சீசனில் நின்ற இடம் மாறாமல் காய் வெட்டிய பெண்ணின் பெயர் அதில் ஏது?

அறிவு சும்மா இருந்துவிடவில்லை. 2024-இல் 'வள்ளியம்மா பேராண்டி' என்று ஒரு பாட்டுத் தொகுப்பையே வெளியிட்டார். இந்தத் தடவை தலைப்பிலேயே பாட்டியின் பெயரைப் போட்டுவிட்டார். இனி யாரும் விட்டுவிட முடியாதல்லவா? அந்தத் தொகுப்பையும் நம் பையன்கள் கேட்க வேண்டும். எல்லாம் 'எஞ்சாமி' அளவுக்கு நிற்கும் என்று சொல்லமாட்டேன். சில பாட்டுகளில் சேதி முன்னால் ஓடுகிறது, மெட்டு பின்னால் மூச்சு வாங்குகிறது. ஆனால் பாட்டியை மறக்காத பேரன் எழுதியது என்பது ஒவ்வொன்றிலும் தெரிகிறது.

விழாக் குழு பொங்கலுக்கு முன் இன்னொரு தடவை கூடுகிறது. டி.எம்.எஸ்.ஸையோ சுசீலாவையோ யாரும் எடுக்கச் சொல்லவில்லை. ஒன்பதரை மணிக்கு ஐந்து நிமிஷம் கேட்கிறோம், அவ்வளவுதான். குடியாத்தத்திலிருந்து பறைக்கு இரண்டு பேர் வந்தால் வண்டிச் சத்தமும் சாப்பாடும் என் பொறுப்பு. கூலியை மட்டும் சங்கம் மற்ற வாத்தியக்காரர்களுக்குக் கொடுக்கிற அதே விகிதத்தில் கொடுத்துவிட வேண்டும். அறிவிப்பாளர் கையில் கொடுக்க ஒரு சீட்டும் எழுதி வைத்திருக்கிறேன்: "அடுத்த பாட்டு, எஞ்சாய் எஞ்சாமி. பாடியவர்கள் தீ, அறிவு. இசை சந்தோஷ் நாராயணன். இலங்கைத் தோட்டத்திலிருந்து அரக்கோணம் வந்த வள்ளியம்மாளின் கதை."